பாடலிபுத்திரம் டூ கலிங்கம்: அசோகன் கல்லுல வெட்டினதும் வெட்டாம விட்டதும்

ஞாயிறு, பாட்னா

பெரம்பூர்ல ஏறின வண்டி தானாப்பூர் வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறியாச்சு. வண்டி பேரு சங்கமித்ரா எக்ஸ்பிரஸ், அசோகனோட மகள் பேரு, இந்தப் பயணத்துக்கு இதவிட பொருத்தமான வண்டி கிடையாது. கூட பெரியப்பா வந்திருக்காரு. தாசில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, எந்த ஊருக்கு போனாலும் கோயிலுக்கு முன்னாடி தாலுகா ஆபீஸ் எங்க இருக்குன்னு பாக்கற ஆளு. மௌரியர் ஆட்சி எப்படி நடந்துச்சு, போர் எப்படி போட்டாங்க, மதத்த எப்படி வெச்சிருந்தாங்க, இந்த மூணையும் அந்தந்த இடத்துலயே நின்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, அதான் அந்தக் காலத்து பாடலிபுத்திரமான பாட்னாவுல ஆரம்பிச்சு கலிங்கமா இருந்த ஒடிசா வரைக்கும் போறோம். தினமும் ராத்திரி ரூமுக்கு வந்ததும் எழுதி போடறேன்.

சாயங்காலமே கும்ஹ்ரார் போயிட்டோம். இப்ப அது ஒரு பூங்கா, ஆர்க்கியாலஜி டிபார்ட்மென்ட் கையில இருக்கு. 1912ல ஸ்பூனர் இங்க தோண்டினாரு, ரத்தன் டாடா பணம் கொடுத்தாரு, வரிசையா 80 தூண் நின்ன ஒரு பெரிய மண்டபத்தோட அடையாளம் கிடைச்சது. ஆனா அந்த எண்பதுல கிட்டத்தட்ட முழுசா கிடைச்சது ஒரே ஒரு தூண்தான், அதத்தான் கூரை போட்டு படுக்க வெச்சிருக்காங்க. சுனார் மணற்கல். மண்டபம் இருந்த இடத்துல நிலத்தடி தண்ணி ஏறிட்டே இருந்ததால குழிய மூடிட்டாங்க. தரைக்கு மேல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு நிறைய பேர் கால் மணி நேரத்துல கிளம்பிடறாங்க, நாங்க இருட்டற வரைக்கும் இருந்தோம். ஏன்னா காந்தாரத்துல இருந்து கர்நாடகம் வரைக்கும் உத்தரவு கிளம்பிப் போனது இந்த ஊர்ல இருந்துதான்.

மெகஸ்தனிஸ் சந்திரகுப்தன் காலத்துல கிரேக்கத் தூதரா இங்க வந்து இருந்தவரு. அவர் எழுதின புத்தகம் முழுசா கிடைக்கல, பின்னால வந்தவங்க அதுல இருந்து எடுத்து எழுதின பகுதிதான் இருக்கு. அதுல இந்த நகரம் 80 ஸ்டேடியா நீளம், 15 ஸ்டேடியா அகலம்னு வருது, அதாவது பதினாலு கிலோமீட்டருக்கு மேல நீளம், மூணு கிலோமீட்டருக்கு உள்ள அகலம், கங்கைக்கரைய ஒட்டியே நீட்டமா போற ஊரு. சுத்தி மரத்தால மதில், 64 வாசல், 570 காவல் கோபுரம், வெளிய அகழி. மரமதில்னு ஒரு கிரேக்கர் சொன்னத நம்பறதான்னு கேட்டா, பாட்னாவுலயே புலந்தி பாக்னு ஒரு இடத்துல அந்த மரச்சட்டங்க ரெண்டு வரிசையா மண்ணுக்குள்ள கிடைச்சிருக்கு. மனுஷர் சொன்னதும் மண்ணு சொன்னதும் ஒத்துப்போற இடம் எனக்கு எப்பவுமே ரொம்ப பிடிக்கும்.

நம்ம ஆளுங்களுக்கும் இந்த ஊர் தெரியும். அகநானூற்றுல மாமூலனார் நந்தர்களோட செல்வம் பாடலியில கங்கைக்குள்ள ஒளிச்சு வெச்சதா பாடறாரு. மௌரியருக்கு முன்னாடி இருந்த அரச வம்சத்தோட கஜானா பத்தின பேச்சு வேங்கடத்துக்கு தெற்க இருந்த புலவர் காது வரைக்கும் வந்திருக்குன்னா, அந்த கஜானா எவ்வளவு பெருசுன்னு பாத்துக்கோங்க. அந்தக் கஜானாவும் படையும் அப்படியே கைமாறி வந்ததாலதான் சந்திரகுப்தனால கி.மு. 321 வாக்குல ஆரம்பிச்சு அவ்வளவு வேகமா வளர முடிஞ்சது.

ராத்திரி லிட்டி சோக்கா சாப்பிட்டோம். பெரியப்பாவுக்கு சத்து மாவு சர்பத் ரொம்ப பிடிச்சு போச்சு.

திங்கள், பாட்னா

பீகார் மியூசியம். தீதார்கஞ்ச் யக்ஷி சிலைய சுத்தி சுத்தி வந்தேன். 1917ல கங்கைக்கரையில கிடைச்சது, கையில சாமரம், கல்லு கண்ணாடியா மின்னுது. அது மௌரியர் காலமா அதுக்கு பின்னாடியான்னு இன்னும் சண்டை ஓயல. எந்தக் காலமா இருந்தாலும் சரி, ஆறடி தூரத்துல நின்னு பாக்கும்போது அந்த வழவழப்பு கல்லுங்கறத மறக்கடிச்சிடுது.

மத்த நேரம் பூரா பெரியப்பாவோட நிர்வாகம் பத்தி பேச்சு. மெகஸ்தனிஸ் சொல்றபடி நகரத்த நடத்த 30 பேரு, அஞ்சஞ்சு பேரா ஆறு குழு. ஒண்ணு கைத்தொழில பாக்கும், ஒண்ணு வெளியூர்ல இருந்து வர்றவங்கள பாக்கும் (தங்க இடம் கொடுக்கறது, நோய் வந்தா பாக்கறது, செத்துட்டா அடக்கம் பண்ணி சொத்த சொந்தக்காரங்களுக்கு அனுப்பறது வரைக்கும்), ஒண்ணு பிறப்பு இறப்பு பதிவு, அப்புறம் அளவு எடை, செஞ்ச சரக்கோட விற்பனை, கடைசியா விக்கற பொருளுக்கு பத்துல ஒரு பங்கு வரி. படைக்கும் அதே மாதிரி ஆறு குழு: கப்பல், மாட்டு வண்டி தளவாடம், காலாள், குதிரை, தேர், யானை. பெரியப்பா இதக் கேட்டுட்டு, "ஏம்மா, பிறப்பு இறப்பு ரிஜிஸ்டர் எதுக்கு போட்டான் தெரியுமா, வரி யாருகிட்ட வாங்கணும்னு தெரியறதுக்கு, அப்புறம் ஆளு குறைஞ்சா தெரியறதுக்கு"ன்னாரு. மெகஸ்தனிஸும் வரிக்காகத்தான் அந்தப் பதிவுன்னு சொல்றாரு.

ஆட்சி நடத்தறது எப்படின்னு சொல்ற பழைய சமஸ்கிருத நூலான அர்த்தசாஸ்திரம் பத்தி ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன், நாளைக்கு தேவைப்படும். 1905ல மைசூர்ல ஷாமசாஸ்திரி கைக்கு அந்த ஓலைச்சுவடி வந்து 1909ல அச்சுல வந்துச்சு. இப்ப இருக்கற வடிவம் மௌரியருக்கு ரொம்ப பிந்தினதுன்னு நிறைய ஆய்வாளர்கள் சொல்றாங்க, அதனால அத அப்படியே சந்திரகுப்தனோட ஆபீஸ் மேனுவலா எடுத்துக்க கூடாது. ஆனா அந்தக் காலத்து இந்திய அரசுங்க எப்படி யோசிச்சதுன்னு தெரிஞ்சுக்க அதவிட்டா வேற வழி இல்ல. அரசன், அமைச்சர், நாடு, கோட்டை, கஜானா, படை, நட்புன்னு ஏழு உறுப்பு சொல்லும். படை குடி கூழ் அமைச்சு நட்பு அரண்னு படிச்சு வளர்ந்த நமக்கு அது அன்னியமாவே தெரியாது.

மதத்துல மட்டும் அந்த நூல் ரொம்ப கறார். கஜானா காலியானா ராத்திரியோட ராத்திரியா ஒரு சாமி தானா தோணினதா காட்டி, திருவிழா நடத்தி காணிக்கை சேத்துக்கலாம்னு யோசனை சொல்லுது. ஒற்றர்கள சாமியார் வேஷத்துல அனுப்ப சொல்லுது. தேவ காரியத்துலயும் பித்ரு காரியத்துலயும் பௌத்தருக்கோ ஆசீவகருக்கோ (அவங்களும் அன்னிக்கு இருந்த ஒரு துறவிக் கூட்டம்) சோறு போட்டா 100 பணம் அபராதம். இந்த கடைசி வரிய மனசுல வெச்சுக்கோங்க.

செவ்வாய், பராபர் குன்று

இந்த மொத்தப் பயணத்துலயும் நான் மறக்கவே மாட்டேன்னு நினைக்கற நாள் இது.

பாட்னா கயா லைன்ல மக்தும்பூர்ல இறங்கி ஆட்டோ பிடிச்சு போனோம். வெறும் வயக்காடு, நடுவுல திடீர்னு கரும்பாறைக் குன்று. கொஞ்ச தூரம் படி ஏறணும், பெரியப்பா நிதானமா வந்தாரு. மேல ஒரே பாறைய குடைஞ்சு குகைங்க: சுதாமா, லோமஸ ரிஷி, கர்ண சௌபார், கொஞ்சம் தள்ளி விஸ்வகர்மா. நாட்டுலயே காலம் உறுதியா தெரிஞ்ச குடைவரைகள்ல இதுதான் பழசு. நம்ம மாமல்லபுரத்துக்கு 900 வருஷத்துக்கு முந்தி.

சுதாமாவுக்குள்ள காவலாளி டார்ச் அடிச்சாரு. கிரானைட் சுவர். கைய வெச்சா வழுக்குது, டார்ச் வெளிச்சம் எதிர் சுவர்ல வட்டமா திரும்ப தெரியுது, கிட்ட போய் நின்னா நம்ம உருவமே மங்கலா தெரியுது. உளிக்குறி ஒண்ணு கூட கண்ணுல படல. வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னா அது உருண்டு உருண்டு போய் அடங்க ரொம்ப நேரம் ஆகுது, பெரியப்பா ஒரு தடவ இருமினாரு, நாங்க ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டோம். முன்னால நீள்சதுரமா ஒரு அறை, உள்ள வட்டமா ஒரு அறை, அந்த வட்ட அறை வெளிப்புறத்த குடிசை கூரை மாதிரியே செதுக்கியிருக்காங்க.

வாசல் பக்கத்து சுவர்ல பிராமி எழுத்து, ரெண்டே வரி. பிரியதர்சி ராஜா பட்டம் கட்டி பன்னிரெண்டாம் வருஷம் இந்த ஆலமரக் குகை ஆசீவகருக்கு கொடுக்கப்பட்டதுன்னு அர்த்தம். பிரியதர்சின்னா அசோகன். கலிங்கப் போர் நடந்தது எட்டாம் வருஷம். அதாவது போர் முடிஞ்சு நாலு வருஷம் ஆகி, பௌத்த உபாசகரா மாறினதுக்கு அப்புறம், பௌத்தர் இல்லாத ஒரு கூட்டத்துக்கு, புத்தர் கடுமையா மறுத்துப் பேசின மக்கலி கோசாலரோட வழியில வந்தவங்களுக்கு, மழைக்காலத்துல ஒதுங்க இந்தக் குகைய கொடுத்திருக்காரு. எதிரே நாகார்ஜுனி குன்றுல பேரன் தசரதன் பட்டம் கட்டின கையோட இன்னும் மூணு குகை அதே ஆசீவகருக்கு கொடுத்திருக்கான். நேத்து சொன்ன 100 பணம் அபராதத்த இதுக்கு பக்கத்துல வெச்சு பாருங்க. அரசு ஒரு சமயத்த எப்படி நடத்தலாம்கறதுக்கு அந்தக் காலத்துலயே ரெண்டு வழி இருந்திருக்கு, ரெண்டுமே யோசிச்சு எடுத்த வழிதான்.

சில குகைகள்ல ஆசீவகர்ங்கற சொல்ல மட்டும் யாரோ உளிய வெச்சு கொத்தி வெச்சிருக்காங்க. மத்த எழுத்த தொடல. யாரு எப்ப பண்ணாங்கன்னு தெரியாது. பின்னால மௌகரி அரசன் அனந்தவர்மன் காலத்துல லோமஸ ரிஷியில கிருஷ்ணர் சிலைய வெச்சு கல்வெட்டும் வெட்டினாங்க. அந்தக் குகையோட வாசல் வளைவுல வரிசையா யானைங்க போகுது பாருங்க, அப்படி ஒரு நளினம், உள்ள மட்டும் வேலை பாதியில நின்னுருக்கு.

ஆசீவகர் வடக்க மங்கிப் போனாலும் நம்ம பக்கம் ரொம்ப காலம் இருந்தாங்க. மணிமேகலையில ஆசீவக வாதி வந்து தன் கொள்கைய சொல்றாரு, நீலகேசியில அவங்களுக்கு தனிச் சருக்கமே இருக்கு. சோழர் காலத்து கல்வெட்டுகள்ல ஆசீவகர் மேல போட்ட வரி கூட வருது. இன்னொண்ணு, அசோகன் தன் எல்லைக்கு வெளிய இருந்தவங்கன்னு சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோட சேர்த்து சதியபுத்திரர்னு ஒருத்தர சொல்றாரு, அது யாருன்னு ரொம்ப காலம் தெரியாமலே இருந்துச்சு. 1981ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில ஒரு கல்வெட்டு கிடைச்சு அதுல சதியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளின்னு இருந்துச்சு. பாளின்னா துறவிங்க தங்கற இடம். அதியமான் பேரு கல்லுல நிக்கறதுக்கு காரணமே துறவிகளுக்கு கொடுத்த ஒரு பாறை ஒதுங்கல்தான். நான் இங்க சுதாமா வாசல்ல உட்கார்ந்து பெரியப்பாகிட்ட இத சொன்னேன். அவரு அதியமானோட தகடூர் பக்கம், அதான் இப்ப தருமபுரி, வேலை பாத்தவரு. ரொம்ப நேரம் பேசல.

புதன், ரயில்ல

கயாவுல புருஷோத்தம் எக்ஸ்பிரஸ் ஏறியாச்சு. ஜன்னல் ஓரம், படிக்கறதுக்கு நல்ல நேரம், அதனால இன்னிக்கு போர் பத்தி.

கலிங்கத்து மேல ஏன் போனாங்கன்னு அசோகன் எங்கயும் சொல்லல. ஆனா காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்குல கலிங்க அரசன்கிட்ட 60,000 காலாள், 1,000 குதிரை, 700 யானை. மகத அரசன்கிட்ட 6 லட்சம் காலாள், 30,000 குதிரை, 9,000 யானை. கிரேக்க ரோமானிய எண்கள்ல கொஞ்சம் ஊதினது இருக்கலாம், ஆனா யானைங்கறது அன்னிக்கு என்ன மதிப்புன்னு தெரிய இன்னொரு கணக்கு இருக்கு: சந்திரகுப்தன் அலெக்சாண்டரோட தளபதியா இருந்து அரசனான செலூக்கஸுக்கு 500 யானை கொடுத்து பதிலுக்கு காந்தாரம், ஆப்கானிஸ்தான் பக்கத்து நிலத்த வாங்கிக்கிட்டான், அந்த யானைங்க கி.மு. 301ல இப்சஸ் போர்ல செலூக்கஸ் பக்கம் நின்னு ஜெயிக்க வெச்சது. அர்த்தசாஸ்திரம் யானைக்காடுன்னு தனியா காடு ஒதுக்க சொல்லி, யானைய கொன்னவனுக்கு மரண தண்டனைன்னு எழுதி, எந்த நாட்டு யானை உசத்தின்னு பட்டியல் போடுது. அதுல முதல் இடம் கலிங்கம், அங்கம். யானையும் கடற்கரையும் தெற்க போற பாதையும் ஒரே இடத்துல, அதுவும் மகதத்துக்கு பக்கத்துலயே, யாருக்கும் கட்டுப்படாம இருந்தா எந்தப் பேரரசும் சும்மா இருக்காது.

இன்னொரு வரியும் அதே நூல்ல இருக்கு. புது ஊர உண்டாக்கணும்னா வேற நாட்டுல இருந்து ஆளுங்கள கொண்டு வந்து குடியேத்து, ஒரு ஊருக்கு 100 குடும்பத்துல இருந்து 500 குடும்பம் வரைக்கும் உழவங்கன்னு. அசோகன் பல ஊர் பாறையில வெட்டி வெச்ச பதினாலு சாசனத்துல (அரச அறிவிப்பு) 13ஆவது கலிங்கத்துல ஒன்றரை லட்சம் பேர பிடிச்சு கொண்டு போனாங்கன்னு சொல்லுது. செத்தவங்க கணக்குக்கு முன்னாடி இந்தக் கணக்குதான் வருது. ரெண்டையும் சேர்த்து படிச்சா, அந்த ஒன்றரை லட்சம் பேரு எங்கயோ ஒரு காட்ட வெட்டி வயலாக்கியிருக்கணும். அவங்க பேச்சு, அவங்க சாமி, அவங்க ஊர் பேரு எதுவும் நமக்கு மிச்சம் இல்ல. எல்லாரும் லட்சம் பேர் செத்தத பேசறோம், உயிரோட இழுத்துட்டு போனவங்கள பத்தி பேசறதே இல்ல, எனக்கு அது ரொம்ப உறுத்துது.

வியாழன், தௌலி

புவனேஸ்வர்ல இருந்து பூரி ரோட்டுல கொஞ்ச தூரம், பஸ்ஸே கிடைக்கும். எல்லாரும் நேரா மேல இருக்கற வெள்ளை சாந்தி ஸ்தூபிக்குத்தான் போறாங்க, அது 1972ல ஜப்பான் பௌத்தர்கள் சேர்ந்து கட்டினது. சாசனம் இருக்கற பாறை கீழயே ரோட்டோரம், கம்பித் தடுப்புக்குள்ள. நாங்க போனப்ப அங்க யாருமே இல்ல.

பாறைக்கு மேல ஒரு யானை. முன்பாதி மட்டும், முன்னங்கால் ரெண்டும் தும்பிக்கையும் பாறைக்குள்ள இருந்து வெளிய வர்ற மாதிரி. கிட்டத்தட்ட நாலடி உயரம். இந்தியக் கல்லுல இவ்வளவு பழசா, இவ்வளவு உயிரோட இருக்கற யானை நான் வேற பாத்ததில்ல, நெத்தி மேடும் தும்பிக்கை மடிப்பும் அப்படியே இருக்கு. எழுத்து மழையில தேஞ்சு போயிருக்கு, ஆனா ஒரு பக்கமா வெயில் சாயும்போது எழுத்து எழும்பி தெரியுது. 1837ல கிட்டோ இங்க நகல் எடுத்தாரு, அதே வருஷம் கல்கத்தாவுல பிரின்செப் பிராமிய படிச்சு முடிச்சாரு.

இங்க என்ன இருக்கு என்ன இல்லங்கறதுதான் நான் இவ்வளவு தூரம் வந்ததுக்கு காரணம். பதினாலு பாறைச் சாசனத்துல ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் இருக்கு, பதினாலாவது இருக்கு. 11, 12, 13 இல்ல. பதிமூணாவதுதான் போர பத்தின சாசனம். ஒரு லட்சம் பேர் அங்க கொல்லப்பட்டாங்க, அதவிட பல மடங்கு பேர் செத்தாங்க, இப்ப அதுல நூத்துல ஒரு பங்கு, ஆயிரத்துல ஒரு பங்கு துன்பம் நடந்தாலும் தேவனாம்பிரியனுக்கு (அசோகன் தன்ன அப்படித்தான் சொல்லிக்கறாரு) அது கனமா இருக்குன்னு சொல்ற சாசனம். அது பாகிஸ்தான்ல ஷாபாஸ்கரியில இருக்கு, மான்செராவுல இருக்கு, இமயமலை அடிவாரத்துல கால்சியில இருக்கு, குஜராத் கிர்னார்ல இருக்கு. செத்தவங்க வீட்டு ஆளுங்க வாழ்ந்த மண்ணுல மட்டும் இல்ல.

இத முதல்ல படிச்சப்ப எனக்கு கோபம்தான் வந்துச்சு. வருத்தப்பட்டது உண்மைன்னா யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்டதான சொல்லணும்? ஆட்சி காரணம் புரியுது, புதுசா ஜெயிச்ச நாட்டுல உங்க ஆளுங்க இத்தன பேர நான் கொன்னேன்னு கல்லுல வெட்டினா அது கலகத்துக்கு விதை. புரியுது, ஆனா ஏத்துக்க முடியல. நாட்ட திருப்பி கொடுக்கவும் இல்ல. படைய கலைச்சதா எந்த சாசனமும் சொல்லல. அதே பதிமூணாவதுல காட்டு மக்களுக்கு, ராஜா வருத்தப்பட்டாலும் கையில பலம் இருக்கு, திருந்துங்க, கொல்லப்படாம இருங்கன்னு எச்சரிக்கையும் இருக்கு.

அந்த மூணுக்கு பதிலா இங்க ரெண்டு தனிச் சாசனம் வெட்டியிருக்காங்க. முதலாவது தோசலியில, அதாவது அன்னிக்கு இந்தப் பக்கம் இருந்த நகரத்துல, இருக்கற மகாமாத்திரர்களுக்கு, அதாவது நகரத்துல நீதி பாக்கற அதிகாரிகளுக்கு. நான் மொழிபெயர்ப்ப சத்தமா படிச்சேன், பெரியப்பா கல்லு மேல உட்கார்ந்து கேட்டாரு. எல்லா மனுஷரும் என் பிள்ளைங்க, என் பிள்ளைங்களுக்கு இம்மையிலயும் மறுமையிலயும் என்ன நல்லது நினைப்பேனோ அத எல்லாருக்கும் நினைக்கறேன். நீங்க இத முழுசா புரிஞ்சுக்கல. சில பேரு சிறையிலயும் சித்திரவதையிலயும் மாட்டிக்கறாங்க, காரணமே இல்லாம. பொறாமை, சட்டுனு வர்ற கோபம், கொடூரம், அவசரம், பழக்கம் இல்லாதது, சோம்பல், களைப்பு, இதெல்லாம் இருந்தா நடுநிலையா நடக்க முடியாது, இது எதுவும் எனக்கு வரக்கூடாதுன்னு நீங்க நினைக்கணும்.

"களைப்புன்னு போட்டிருக்கானாம்மா?"ன்னு கேட்டாரு பெரியப்பா. ஆமா பெரியப்பா, கடைசியில அதுதான்னேன். "வேலை பாத்தவனுக்குத்தான் இது தெரியும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல வர்ற மனுவ எவனும் ஒழுங்கா படிக்க மாட்டான். கெட்டவனா இருக்கணும்னு இல்ல, அசந்து போயிருந்தாலே போதும், ஒருத்தன் வாழ்க்கை போயிடும்."

அதுக்கு அடுத்தது இன்னும் முக்கியம். இந்த உத்தரவ திஷ்ய (நம்ம பூச) நட்சத்திரத்துல, நாலு மாசத்துக்கு ஒரு தரம், எல்லாருக்கும் படிச்சு காட்டணும், இடையில ஒரே ஒருத்தர் கேட்டாலும் படிச்சு காட்டணும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் முரட்டுத்தனம் இல்லாத, மென்மையான ஒரு அதிகாரிய சுத்துப்பயணம் அனுப்புவேன், உஜ்ஜயினியில இருந்தும் தட்சசீலத்துல இருந்தும் மூணு வருஷத்துக்குள்ளயே அனுப்புவாங்க. பெரியப்பா உடனே இது நம்ம ஜமாபந்தி மாதிரின்னாரு. "உத்தரவு எவன் வேணா போடலாம். போட்ட உத்தரவு என்ன ஆச்சுன்னு ஊருக்குள்ள வந்து கணக்க விரிச்சு பாக்கறான் பாரு, அவன்தான் ஆட்சி பண்றவன்."

அதுக்கப்புறம் நான் நிறைய நேரம் யோசிச்சேன். வருத்தத்த மறைச்ச அதே பாறையில, உங்க ஆபீசர் உங்கள அநியாயமா உள்ள போட கூடாதுன்னு நான் அவனுக்கு சொல்லியிருக்கேன், இத நீங்களே கேட்டுக்கலாம்னு எழுதி, அத அந்த ஜனத்துக்கே படிச்சு காட்ட ஏற்பாடும் பண்ணியிருக்காரு. தோத்த நாட்டு ஜனம் கையில இப்படி ஒரு பிடிமானத்த கொடுத்த பேரரசன் வேற யாரையும் எனக்கு தெரியாது. எல்லாரும் கொண்டாடற அந்த வருத்தத்தவிட இந்த உத்தரவுதான் பெருசுன்னு எனக்கு இப்ப தோணுது.

ஸ்தூபிக்கு மேல இருந்து தயா ஆறு தெரியுது. இந்த ஆறு சிவப்பா ஓடுச்சுன்னு கைடு எல்லாருக்கும் சொல்றாரு, ஆனா போர் எந்த இடத்துல நடந்துச்சுன்னு சாசனத்துல இல்ல.

வெள்ளி, உதயகிரி

காலையில சிசுபால்கர். புவனேஸ்வர ஒட்டியே சதுரமா ஒரு பழைய கோட்டை நகரம், ஒரு பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல, பக்கத்துக்கு ரெண்டு வாசல். 1948ல பி.பி. லால் தோண்டினாரு. இப்ப மதில் மேட்டு மேல வீடு ஏறிட்டே வருது, மனசு கஷ்டமா இருந்துச்சு.

அப்புறம் உதயகிரி. ராணி கும்பாவுல புடைப்புச் சிற்பம் பாத்துட்டு ஹாத்தி கும்பா போனோம். குகை முகப்புக்கு மேல 17 வரி, கலிங்க அரசன் காரவேலனோட கல்வெட்டு, அண்ணாந்து பாக்கணும், கழுத்து வலிக்கும். அசோகனுக்கு நூறு இருநூறு வருஷம் பின்னால. அருகர்களுக்கு வணக்கம் சொல்லி ஆரம்பிக்குது, அவன் சமணன். வருஷா வருஷம் என்ன பண்ணேன்னு வரிசையா போட்டிருக்கான்: முதல் வருஷம் புயல்ல விழுந்த கலிங்கநகர கோபுரம், மதில் எல்லாம் சரி பண்ண 35 லட்சம் செலவு, ரெண்டாம் வருஷம் சாதவாகன அரசன் சாதகர்ணிய மதிக்காம மேற்க படை, அஞ்சாம் வருஷம் நந்தன் வெட்டின கால்வாய நகரம் வரைக்கும் நீட்டினது, பதினோராம் வருஷம் தமிழ் அரசர்களோட நெடுநாள் கூட்டணிய உடைச்சது (113 வருஷக் கூட்டணின்னும் 1300 வருஷம்னும் ரெண்டு விதமா படிக்கறாங்க), பன்னிரெண்டாம் வருஷம் மகத மன்னன கால்ல விழ வெச்சு, நந்தன் தூக்கிட்டு போன கலிங்க ஜினர் சிலைய திருப்பி கொண்டு வந்தது, பாண்டியன்கிட்ட இருந்து முத்தும் மணியும் வாங்கினது.

அசோகன் பேரு இதுல இல்ல. அந்தப் போரும் இல்ல. மகதம் பண்ணின அவமானம்னா அவங்க ஞாபகத்துல நிக்கறது நந்தன் எடுத்துட்டு போன சாமி சிலைதான், அத மீட்டதுதான் அவங்களுக்கு வெற்றி. லட்சம் பேர் செத்த கதைய நமக்கு சொன்னது ஜெயிச்சவன் மட்டும்தான், அவனும் வேற ஊர்ல சொல்லிட்டு போயிட்டான். கடைசி வரியில காரவேலன் தன்ன எல்லா சமயத்தாரையும் போற்றறவன், எல்லா கோயிலையும் பழுது பாக்கறவன்னு சொல்லிக்கறான். அசோகனோட பன்னிரெண்டாவது சாசனத்தோட கருத்து அதேதான். சண்டை போட்ட ரெண்டு நாட்டுலயும் ஆட்சின்னா இப்படித்தான் இருக்கணும்னு ஒரே பாடம் வேர் விட்டிருக்கு.

மதியம் தால்மாவும் சோறும். பெரியப்பாவுக்கு நம்ம ஊர் கூட்டு ஞாபகம் வந்து ரெண்டாவது தரம் கேட்டு வாங்கினாரு.

சனி, ஜௌகடா

பெர்ஹாம்பூர்ல இறங்கி புருஷோத்தம்பூர் வழியா போகணும், ருஷிகுல்யா ஆத்தங்கரை. பழைய மண்கோட்டை, மதில் வரப்பா தெரியுது, உள்ள வயல். பாறைக்கு கூரை போட்டு கம்பி வெச்சிருக்காங்க. 1850ல எலியட் இத நகல் எடுத்தாரு. இது சமாபாங்கற ஊரோட அதிகாரிகளுக்கு போன காப்பி, தௌலியில இருக்கற அதே சாசனங்கள், இங்கயும் அந்த மூணு இல்ல. ரெண்டாவது சாசனத்துல சோழர் பாண்டியர் நாடுகள்லயும் மனுஷருக்கும் மாட்டுக்கும் மருத்துவம், மூலிகை, கிணறு, நிழல் மரம்னு வர்ற பகுதி இந்தப் பாறையில இருக்குன்னு நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

ரெண்டாவது தனிச் சாசனத்த இங்க உட்கார்ந்து படிச்சோம். இது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கற, இன்னும் ஜெயிக்கப்படாத ஜனத்த பத்தி. ராஜா எங்கள என்ன பண்ண நினைக்கறாருன்னு அவங்க கேட்டா, பயப்படாதீங்க, என்ன நம்புங்க, என்கிட்ட இருந்து சுகம்தான் வரும் துக்கம் வராதுன்னு சொல்லுங்க, பொறுக்க முடிஞ்சத ராஜா பொறுப்பாருன்னு சொல்லுங்க. பொறுக்க முடிஞ்சத. அந்த ஒரு நிபந்தனையில பேரரசு மொத்தமும் இருக்கு, அதையும் மறைக்காம எழுதியிருக்காரு.

நான் பெரியப்பாகிட்ட கேட்டேன், நீங்க அந்த இடத்துல இருந்தா பதிமூணாவத இங்க வெட்டியிருப்பீங்களா? கொஞ்சம் யோசிச்சுட்டு, "வெட்ட மாட்டேம்மா. உத்தரவு முதல்ல, அது அஞ்சு வருஷம் ஒழுங்கா நடக்கட்டும், அப்புறம் பேசலாம்"னாரு. அஞ்சு வருஷம் கழிச்சும் வெட்டலயே பெரியப்பான்னேன். "அது தப்புதான்"னு ஒத்துக்கிட்டாரு. ஆனா வருத்தம் சொல்லாம நியாயம் செய்யறதா, நியாயம் செய்யாம வருத்தம் சொல்றதா, ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்னா முதல் ஒண்ணு போதும்ங்கறது அவரு கட்சி. ரெண்டும் கேக்கற உரிமை அந்த ஜனத்துக்கு இருந்துச்சுங்கறது என் கட்சி. கோரமண்டல்ல ஏறி படுக்கற வரைக்கும் இத பேசிட்டே வந்தோம், முடியல.

நம்ம ஊர்ல இருந்து போறவங்களுக்கு ஒரு தகவல். பதிமூணாவது சாசனத்த பாக்கணும்னா வடக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆந்திராவுல கர்னூல் மாவட்டத்து எர்ரகுடியில பதினாலு சாசனமும் இருக்கு, குத்தி வரைக்கும் ரயில், அங்கிருந்து ரோடு. மழைக்காலம் முடிஞ்சதும் அங்கதான் போறோம், பெரியப்பா இப்பவே டிக்கெட் பாக்க சொல்லிட்டாரு.